ஐந்து கிளிக்கு ஏழு கிளி

துணிக்கிளி வாங்க வருகிறவர்கள் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்கள். மூக்கு சிவப்பாக, கொஞ்சம் வளைந்து, இறுக்கமாக இருந்தால் கிளி நல்ல கிளி. அப்புறம் வாலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். கண்ணுக்கு வைத்த பாசிமணியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். வயிற்றைப் பிரித்துப் பார்த்தவர் என்று இத்தனை வருடத்தில் ஒருவர்கூட வந்ததில்லை. பிரித்தால் கிளி கெட்டுவிடும் இல்லையா.

காப்பியைக் குடியுங்கள் வக்கீலய்யா, ஆறுகிறது. எங்கள் ஊர்த் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். காப்பியில் தெரியாது.

கருப்பம்மாள் வழக்கு திங்கட்கிழமை வருகிறது என்றீர்கள். லட்சுமிகாந்தம் அண்ணாச்சி வீட்டுக்குப் பிள்ளை குளிப்பாட்டப் போனவள், கோபத்தில் அந்தப் பிள்ளையைத் தொட்டிலோடு எரித்துவிட்டாள் என்று வழக்கு. தீர்ப்பு அப்படியே வந்தால் அவள் வயதுக்கு உயிரோடு வெளியே வருவது கஷ்டம் என்றும் சொன்னீர்கள். அந்த வீட்டு மருமகள் இப்போதுதான் ஞாபகம் வந்து, தீப்பிடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் கிளிக்கார அக்கா வந்து தன் மாமியாரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள் என்றாளாம். எதற்குப் போனேன் என்று கேட்கிறீர்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் கருப்பம்மாள் பக்கத்து வக்கீல். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வரும். நேராகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் பொன்னுத்தங்கம். அப்பா மிளகாய் வத்தல் தரகர். விருதுநகரில் வத்தல் தரகர் மகள் என்றால் பேச்சு வருவதற்கு முன்பே பேரம் வந்துவிடும். எங்கள் வீட்டுக்குத் துட்டி கேட்க, சாவு விசாரிக்க வந்தவர்கள்கூட எழுந்து போகும்போது நாலு மூட்டைக்கு விலை படியவைத்துவிட்டுத்தான் போவார்கள். கதவுக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். அண்ணன்மார்களுக்குக் கடை கிடைத்தது. எனக்கு மாரிசாமி கிடைத்தார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி அறைக்கு மேஸ்திரி. பீடி, சிகரெட் கிடையாது. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் அந்த வேலையில் நீடிப்பதில்லை, ஊரிலும் நீடிப்பதில்லை. சம்பளம் ஒழுங்காக வந்தது. சோற்றுக்குக் கஷ்டப்பட்டு இந்த வேலையில் இறங்கினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், எனக்கும் சௌகரியமாக இருக்கும். அப்படி இல்லை. ஒரு பொருளை நானே செய்து, நானே விலை சொல்லி, வாங்குகிறவர் நாம்தான் ஜெயித்தோம் என்று சந்தோஷமாகப் போகும்படி விற்று, அந்தக் காசை என் முந்தானையில் முடியவேண்டும் என்று எனக்கு ஒரு பசி இருந்தது.

சின்ன அண்ணன் மகனுக்குத் தொட்டில் போட்ட அன்று அது ஆரம்பித்தது. அத்தை முறைக்காரி வெறுங்கையோடு போகக்கூடாது. தங்கம் வைக்க வசதி இல்லை. வெள்ளி வைக்க மனசு இல்லை. தையல் கடையில் பச்சைப் பட்டு வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கி, ஐந்து கிளி தைத்து, ஒரு வளையத்தில் கோத்துத் தொட்டிலுக்கு மேலே தொங்கவிட்டேன். பிள்ளை கையையும் காலையும் உதறிக்கொண்டு சிரித்தது. தங்கச் சங்கிலி போட்ட தாய்மாமனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்திலேயே எனக்கு ஆர்டர் வந்தது.

பிறகு தொட்டிலுக்குக் கிளி, நிலைப்படிக்கு மணி வைத்த கிளித்தோரணம், கல்யாணத்துக்கு ஜோடிக்கிளி என்று வளர்ந்தது. மதுரையில் ஒரு பேன்சிக் கடைக்காரர் ஆள் அனுப்பி வாங்கிப் போனார். தை மாதத்தில் கை ஓயாது. வெள்ளிப் பாத்திரம் கொடுத்தால் இன்ன எடை என்று தெரிந்துவிடும். கைவேலை கொடுத்தால் எவ்வளவு ஆயிற்று என்று ஒருத்தருக்கும் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பிடித்த பரிசு இருக்க முடியாது.

ஆரம்பத்தில் இலவம்பஞ்சுதான் வைத்தேன். ஒருநாள் பஞ்சு வாங்கக் காசை எண்ணிக் கொடுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதற்குச் செலவு செய்கிறோம் என்று தோன்றிவிட்டது. வத்தல் மூட்டையில் வாய்ப்பக்கம் ஒரு தரம், அடியில் ஒரு தரம் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

என் வீட்டுக்காரர் வேலை செய்கிற அறையில், வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் நூலை முக்கி வெடிக்குத் திரி செய்வார்கள். அந்தத் தண்ணீரை வடிகட்ட வெள்ளைத் துணி வைத்திருப்பார்கள். உப்பேறிப் பழசானதும் வாரக் கடைசியில் துணியையெல்லாம் பொட்டலுக்குக் கொண்டுபோய்க் குழியில் போட்டு எரித்துவிட வேண்டும். எரிக்கவேண்டிய பொறுப்பு மேஸ்திரியுடையது.

"நல்ல துணியை எதுக்குங்க எரிக்கணும்? எனக்குக் கொண்டாங்களேன்" என்றேன்.

"அது விளையாட்டுச் சாமான் இல்ல. திரி அறைத் துணி."

"நான் என்ன அதை வச்சு வெடியா சுத்தப் போறேன்? கிளி வயித்துல அடைக்கப் போறேன். கிளி என்ன பீடி குடிக்கவா போகுது?"

சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்கவைத்துவிட்டால் அப்புறம் அவரிடம் மறுப்பு இருக்காது. அதுவும் எனக்குத் தெரிந்த வித்தை. அடுத்த வாரம் ஒரு மூட்டை வந்தது. கொடுக்கும்போது சிரிக்காமல்தான் கொடுத்தார்.

"இந்தா பாரு, ரெண்டு மூணு தண்ணி நல்லா அலசிட்டு வெயில்ல போட்டு எடு. உப்பு போகணும். அலசாம ஒரு துண்டைக்கூடத் தொடாத."

அலசினேன். முதல் மூட்டையை ஒழுங்காகத்தான் அலசினேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கிழித்துச் சுருட்டி அடைத்தபோது கிளி பஞ்சுக்கிளியைவிடக் கிண்ணென்று நின்றது. வாங்கினவர்கள் அமுக்கிப் பார்த்து, "பஞ்சை நல்லா அள்ளி வச்சிருக்கீக" என்று மெச்சினார்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டேன்.

அந்தச் சித்திரையில் எங்கள் தெருக் கிணறு வற்றியது. தண்ணீர் வண்டிக்காரரிடம் குடம் குடமாக விலைக்கு வாங்கிக் குடித்தோம். விலைக்கு வாங்கின தண்ணீரில் இலவசமாக வந்த துணியை அலசினால் அப்புறம் அது இலவசமா? அடுத்த மூட்டையை உதறி வெயிலில் போட்டு எடுத்தேன். வெள்ளையாக, சுத்தமாகத்தான் இருந்தது. நாக்கில் வைத்தால் கொஞ்சம் கரித்தது. எங்கள் ஊரில் எதுதான் கரிக்கவில்லை.

அந்தத் துணியில் ஒரு பங்கு தோரணக் கிளிகளாகி மதுரைக்குப் போனது. மிச்சத்தில் தொட்டில் கிளி ஏழெட்டு செய்தேன். அவற்றில் ஐந்து லட்சுமிகாந்தம் அண்ணாச்சி வீட்டுக்குப் போயின.

அண்ணாச்சியின் சம்சாரம் வீரலட்சுமி மதினியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது பார்த்தால் தெரியாது. அப்போது பேரத்தில் அவளை அடிக்க இந்தச் சந்தைப்பேட்டையில் ஆள் கிடையாது. வருடக்கணக்காக எதிர்பார்த்துப் பிறந்த பேரன் அது. ஆனாலும் கிளிகளைக் கையில் எடுத்ததும் முகத்தை விளக்கெண்ணெய் குடித்தவள் மாதிரி வைத்துக்கொண்டாள்.

"இதென்ன, கிளியா காக்காயா?"

"காக்காயின்னா விலை கூட, மதினி. கறுப்புப் பட்டு கிடைக்க மாட்டேங்குது."

"வாய் இருக்கு உங்களுக்கு. இந்த வாய்க்கே பாதி விலை கழிக்கணும்."

"வாயைக் கழிச்சிட்டா கிளியை யாரு விப்பா?"

ஒரு மத்தியானம் முழுக்க இப்படிப் போயிற்று. இரண்டு பேருக்கும் சந்தோஷம். நான் கேட்டதும் இல்லாமல் அவள் கேட்டதும் இல்லாமல் ஒரு விலைக்கு முடிந்தது. மறுநாள் தொட்டிலுக்கு மேலே ஐந்தும் ஆடின. பிள்ளை அதைப் பார்த்தால்தான் தூங்கும் என்று ஆகிவிட்டது.

அந்த வீட்டில்தான் கருப்பம்மாள் பிள்ளை குளிப்பாட்டினாள். ஆனைக்குட்டத்துக்காரி. அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகளைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்து, மூக்கைப் பிடித்துவிட்டு, தலையை உருட்டிவிட்டு வளர்த்தது அவள் கைதான். குளிப்பாட்டியதும் சிரட்டைக் கங்கைத் தூபக்காலில் போட்டு, சாம்பிராணியைத் தூவி, ஓலை விசிறியால் விசிறித் தொட்டிலைச் சுற்றிப் புகை காட்டுவாள். சிரட்டைக் கங்கு விசிறினால் பொறி பறக்கும். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். எங்கேயும் ஒன்றும் ஆவதில்லை.

வீரலட்சுமி மதினி அவளுக்கு ஒரு புதுச்சேலை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். கடைசியில் கட்டிக் கழித்த சேலையைக் கொடுத்தாள். கருப்பம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று, "பச்சப்பிள்ளையத் தொட்ட கைக்குப் பழசையா குடுக்கீக? இந்த வீடு வெளங்குமா?" என்று கேட்டாள். நான் அப்போது பக்கத்து வீட்டு வாசலில் தோரணத்துக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். சொன்னது வாஸ்தவம். சொல்லிவிட்டு அழுதுகொண்டே உள்ளே போய், அதே பிள்ளைக்கு வெந்நீர் போட்டதும் வாஸ்தவம்.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட நாள் வருகிறது.

அன்று மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கோணலாகப் போன கிளி ஒன்று, விற்க லாயக்கில்லை என்று அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. விறகைத் தள்ளும்போது ஒரு பொறி அதன் மேல் விழுந்தது. தட்டிவிட்டேன். பட்டில் பொட்டு மாதிரி ஒரு ஓட்டை, அவ்வளவுதான். தீ எரியவில்லை. புகைகூட இல்லை. நான் சோற்றை இறக்கி, குழம்பைக் கூட்டி, தாளித்து முடித்துத் திரும்பினால், கிளி கொஞ்சம் இளைத்திருந்தது. தொட்டேன், சுட்டது. குறட்டால் எடுத்துப் பிரித்தேன். உள்ளே முழுக்கச் சிவப்பு. சத்தம் இல்லாமல், அவசரம் இல்லாமல், ஒரு நூலில் இருந்து அடுத்த நூலுக்குப் போய்க்கொண்டிருந்தது. செம்புத் தண்ணீரை ஊற்றினேன். வெளியே நனைந்தது. உள்ளே போய்க்கொண்டேதான் இருந்தது. பிறகு காற்றுப் பட்டதும் பொசுக்கென்று சுவாலை எழுந்தது.

திரி செய்கிற ஆளின் பெண்டாட்டி நான். எனக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஐந்து திரிமூட்டைகளை ஒரு பச்சைப்பிள்ளையின் முகத்துக்கு மேலே கட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்று அந்த அடுப்படியிலேயே விளங்கிவிட்டது. மதுரைக்குப் போன தோரணங்களை யார் எங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை நான் நினைப்பதில்லை.

இவர் சாயங்காலம் வந்ததும் சொன்னேன். கருகின வயிற்றைக் காட்டினேன். சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அலசலையா?"

"தண்ணி எங்க இருந்தது?"

"உடனே போயி வாங்கிட்டு வா. என்ன கேட்டாலும் குடுத்துட்டு வாங்கிட்டு வா. துணி எங்கன இருந்து வந்ததுன்னு மட்டும் சொல்லிறாத. எரிக்க வேண்டியதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்னு தெரிஞ்சா என் வேலை அன்னைக்கே போயிரும்."

அதனால் போனேன். கொல்லவேண்டும் என்று போகவில்லை, காப்பாற்றத்தான் போனேன். இதை நான் பல தடவை எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மேலே ஐந்து கிளியும் மெதுவாகச் சுற்றின. வீரலட்சுமி மதினி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். மருமகள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

நான் அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மதினி, அந்தக் கிளிக்குள் இருப்பது பஞ்சு இல்லை, நெருப்புப் பட்டால் எரியும், அவிழ்த்து வெளியே போடுங்கள். இவ்வளவுதான். காரணம்கூடச் சொல்லவேண்டியதில்லை. அதைச் சொன்னால் பஞ்சு என்று சொல்லி விற்றது வெளியே வரும். அதற்கப்புறம் இந்த ஊரில் ஒரு பெண்ணும் என் கிளியைத் தொடமாட்டாள். அதனால் வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

"மதினி, இந்தக் கிளிக்குப் பட்டு சாயம் போற பட்டாப் போச்சு. குடுங்க, வேற நல்லதாத் தாரேன்."

வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"சாயம் போகலையே?"

"போயிரும்."

"போகட்டும், போனப்புறம் வாங்க. வித்த பொருளுக்கு வீடு தேடி வந்து புதுசு தாரேங்கிற ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்கேன். என்ன, வேற பெரிய வீட்டுல கேக்காகளா? கூட விலைக்கா?"

"அதெல்லாம் இல்ல. என் பேரு கெடக்கூடாதுல்ல. அஞ்சைக் குடுங்க, ஆறு தாரேன்."

"ஆறா?" கழுத்தை நிமிர்த்தித் தொட்டிலைப் பார்த்தாள். "உள்ள சரிகை கிரிகை வச்சித் தச்சிட்டீகளோ மறந்துபோயி?"

"சரிகை வச்சா நான் தூங்குவனா மதினி?"

"அதான் தூங்காம வந்திருக்கீக."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு. அவளும் சிரித்தாள். "ஏழு" என்றேன். ஏழு கிளி மட்டும் போதாது, நிலைப்படிக்கு ஒரு தோரணமும் வேண்டும் என்றாள். தோரணம் கட்டுபடியாகாது என்றேன். புதியதைக் கொண்டுவந்து கட்டிவிட்டு அப்புறம் பழையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இல்லை, மாதிரி பார்க்கப் பழையது இப்போதே வேண்டும் என்றேன். மாதிரிக்கு ஒன்று போதுமே, ஐந்து எதற்கு என்றாள். நல்ல கேள்வி. நான் அதற்கு ஒரு நல்ல பதிலும் வைத்தேன்.

வக்கீலய்யா, ஒன்று சொல்கிறேன், இதை நீங்கள் எழுதவேண்டாம். பேரம் அப்படிச் சூடு பிடித்த ஒரு கட்டத்தில், நான் எதற்காக வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. தோரணத்தை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பது மட்டும்தான் மனசில் இருந்தது. எனக்கு எதிரே ஒரு கை தூரத்தில் அந்தப் பிள்ளை உள்ளங்காலை உள்ளங்காலோடு சேர்த்துவைத்துத் தூங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே தோரணத்துக்கு எத்தனை முழம் பட்டு பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு பொருள் நமக்கு அவசியம் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும். அதனால் எழுந்தேன். முந்தானையை உதறினேன்.

"இருக்கட்டும் மதினி. உங்க கிளி உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கென்ன."

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் இறங்கினேன். மதினி கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இவர் வாசலிலேயே நின்றார். "எங்க கிளி?" என்றார்.

"நாளைக்குப் படிஞ்சிரும். ரொம்ப அவசரப்பட்டுக் கேட்டாத் தப்பா நினைப்பாக. புதுசு ஏழு தச்சுக் கொண்டுபோறேன்."

"தோரணத்தையும் குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"அது எம்புட்டு வேலை தெரியுமா?" என்றேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து தைத்தேன். இலவம்பஞ்சு வாங்கி, அசல் பஞ்சு வைத்துத் தைத்தேன். கடைசிக் கிளிக்கு மூக்குத் தைத்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஓட்டமும் கூச்சலுமாகக் கேட்டது. எந்த வீடு என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை.

கருப்பம்மாள் வழக்கம்போலக் குளிப்பாட்டி, புகை போட்டு, தூபக்காலை எடுத்துக் கூடத்து மூலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பிள்ளை தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வீட்டுப் பெண்கள் பின்கட்டில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மருமகள் வாடை கண்டு ஓடிவந்து கதவைத் திறந்தபோது காற்றுப் பட்டிருக்கும். பிள்ளையை மதுரைக்குக் காரில் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவந்தபோது நான் போய் நின்றேன். துணியால் சுற்றியிருந்தது, முகம் தெரியவில்லை. எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை. வீரலட்சுமி மதினி தூணில் தலையை முட்டிக்கொண்டு, நடுவில் என்னை ஒரு தடவை பார்த்தாள். முந்தின நாளைப் பற்றி அவள் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. அவளும் பேரம் பேசியவள்தானே. அவளுக்கும் அதில் பாதி விளங்கியிருக்கும்.

காலையில் புகை போட்டதற்கும் தீ எழுந்ததற்கும் இடையில் வெகுநேரம் இருந்தது. அதனால் தூபக்காலை வேண்டுமென்றே தொட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று முடிவு செய்தார்கள். மூலையில் வைத்தேன் என்று கருப்பம்மாள் அழுதாள். யார் நம்புவார்கள்? ஒரு பொறி கிளி வயிற்றுக்குள் புகுந்து, சத்தம் போடாமல் வேலை பார்க்கும் என்று இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் என் வீட்டுக்காரர். அவர் அன்றிலிருந்து என்னோடு சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாய் திறக்கிறார்.

போலீஸ் என்னிடமும் வந்தது. சேலைச் சண்டையன்று நீ தெருவில் இருந்தாயா என்று கேட்டார்கள். இருந்தேன் என்றேன். இந்த வீடு விளங்குமா என்று சொன்னாளா என்றார்கள். சொன்னாள் என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அழுதுகொண்டே உள்ளே போய் வெந்நீர் போட்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதை அவர்கள் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

அவளைக் கூட்டிப்போன பிறகு அவள் மகள் சண்முகத்தாய்க்கு அரிசி, பருப்பு கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் அவள் என் வீட்டுக்கு வந்து கும்பிட்டாள். "எங்க அம்மைக்கு ஊருக்குள்ள ஒங்களவிட்டா நாதி இல்ல அத்தை" என்றாள். உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். சீக்கிரம் அனுப்பிவிட்டேன். நிற்கவைத்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்தாருங்கள். இது அதே மூட்டைத் துணி வைத்த கிளி, விற்காமல் கிடந்தது. எரித்துவிடு என்று இவர் எத்தனையோ தடவை சொன்னார். நல்ல பட்டு, மனசு வரவில்லை. ஜட்ஜ் முன்னால் ஒரு கங்கை வைத்துக் காட்டுங்கள். கருப்பம்மாள் மூலையில் வைத்தேன் என்று சொல்வது சரிதான் என்று அவருக்கு விளங்கிவிடும். தண்ணீர் வாளி வைத்துக்கொள்ளுங்கள். வாளியை நம்பியும் இருக்கவேண்டாம்.

திங்கட்கிழமை வருகிறேன். கூண்டில் ஏறிச் சொல்கிறேன். துணியைக் குப்பைமேட்டில் பொறுக்கினேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாமா, இவர் பெயரை விட்டுவிட்டு? முடியாதா. சரி. கேட்டுப் பார்த்தேன்.

நீங்கள் எழுந்துவிட்டீர்கள். பையில் கிளியை மூக்கு மடங்காமல் வையுங்கள். கடைசியாக ஒன்று கேட்டீர்களே, அவ்வளவு நேரம் பேரம் பேசிய மதினி, நான் வாசல் இறங்கும்போது நிஜமாகவே கூப்பிடவில்லையா என்று. இவரிடமும் கூப்பிடவில்லை என்றுதான் சொன்னேன். உங்களிடமும் சற்று முன்னால் அப்படித்தான் சொன்னேன்.

கூப்பிட்டாள். நான் மூன்று வீடு தாண்டுவதற்குள் வாசலுக்கே வந்து, "ஏ பொன்னுத்தங்கம், இங்கன வாங்க. தோரணம் வேண்டாம், ஏழே போதும். அவுத்து எடுத்துட்டுப் போங்க" என்றாள். தெளிவாகக் கேட்டது. கோபம்கூட இல்லாத குரல்.

எங்கள் ஆட்கள் யாரும் முதல் கூப்பாட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் ஆறு கிளிக்கே முடிந்திருக்கும். அதற்காகத்தான் தெருமுனை வரைக்கும் மெதுவாக நடந்தேன்.